கிணற்று நீரும் ஆங்கிலச் சொல்லும்

ஆங்கிலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற எம்மவர் பலரிடம் ஓர் இரகசியம் உண்டு. எழுத அமரும்போது அவர்கள் முதலில் எழுதுவதில்லை, தேடுகிறார்கள். தாம் முன்னர் படித்த கட்டுரைகளைப் புரட்டி, தமது எண்ணத்தை ஒத்த எண்ணத்தை வேறொருவர் எவ்வாறு சொல்லியிருக்கிறார் என்று பார்த்து, அந்த வாக்கியத்தின் எலும்புக்கூட்டை எடுத்துத் தமது சதையை அதன்மேல் வைக்கிறார்கள். இதனை வெளியிற் சொல்ல வெட்கம். சொன்னால், ஆங்கிலம் தெரியாதவன் என்பர் சிலர். களவெடுக்கிறவன் என்பர் வேறு சிலர். நாமும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனைச் செய்து வந்தவரே. இளைப்பாறிய பின்னர் இழப்பதற்கு அதிகமில்லை. ஆகவே சொல்லிவிடுகிறோம்.

எமது தலைமுறையின் கதையை முதலிற் சொல்லவேண்டும். நாம் பாலர் வகுப்பிலிருந்து உயர்தர வகுப்பு வரை தமிழிலே விஞ்ஞானம் படித்தவர்கள். ஐதரசன், ஒட்சிசன், நைத்திரேற்று, ஒளித்தொகுப்பு என்று அரசகரும மொழித் திணைக்களத்தார் ஆக்கித் தந்த சொற்களிலே உலகத்தைக் கண்டவர்கள். அச்சொற்களைப் பரிகசிப்போர் உண்டு. ஆனால் கமக்காரனின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையும் இரசாயனம் படிக்க அவையே வழி திறந்தன என்பதை மறக்கலாகாது. சிக்கல் அதற்கு அப்பால் இருந்தது. பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் காலடி வைத்த அன்றே எல்லாம் ஆங்கிலமாயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் ஒரு கரையில் நடக்கவிட்டு, பாலம் போடாமலே மறு கரைக்கு வா என்று அழைத்தது எமது கல்விமுறை. நீந்தத் தெரிந்தவன் போனான். மற்றவன் தண்ணீர் குடித்தான். நாம் நிறையக் குடித்தோம்.

எமது முதற் கட்டுரை, யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சிலவற்றின் நீரைப் பற்றியது. ஆறில்லாத குடாநாடு இது. மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் மாரி மழை தேங்கி நிற்பதையே நாம் குடிக்கிறோம். அதையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். இந்த நீரைப் பற்றி எழுதுவது எமக்குப் படிப்பு மாத்திரமன்று, வாழ்வுப் பிரச்சினையுமாகும். இரண்டாண்டு போத்தலும் கையுமாக அலைந்து எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினோம். ஆறு மாதங் கழித்துத் தபாலில் பதில் வந்தது. ஆய்வைப் பற்றி இரண்டு வரி. ஆங்கிலத்தைப் பற்றி ஒரு பக்கம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்துக என்பது முடிபு. எமது ஊரில் அத்தகைய ஒருவரை எங்கே தேடுவது? குடாநாட்டில் அந்நாளில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர் இருந்தனரோ தெரியாது. எமக்கு ஒருவரையும் தெரியாது.

திருத்தக் குறியிட்ட இடங்களைப் பார்த்தபோது ஒரு புதுமை தோன்றியது. அவற்றிற் பல இலக்கணப் பிழைகளல்ல. 'பலத்த மழை' என்று தமிழில் நினைத்து 'ஸ்ரோங் ரெயின்' என்று எழுதியிருந்தோம். அவர்களுக்கு மழை பலமாகப் பெய்வதில்லை, பாரமாகப் பெய்கிறது. 'ஹெவி ரெயின்' என்பதே வழக்கு. 'எவிடன்ஸ்' என்ற சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்த்திருந்தோம். அது பன்மை ஏலாதாம். கிணற்றிலிருந்து நீர் எடுத்தல் என்பதற்கு 'எடுத்தல்' என்றே எழுதியிருந்தோம். நீரியலார் அதற்கு 'அப்ஸ்ட்ரக்ஷன்' என்று தனியே ஒரு சொல் வைத்திருந்தார்கள். எழுவாய், பயனிலை யாவும் சரியாகவே இருந்தன. ஆனாலும் வாசிப்பவனுக்கு எங்கோ கல் கடித்தது.

இதற்கு எமது இலக்கணகாரரிடம் பெயர் உண்டு. மரபு வழு என்பர். யானையை மேய்ப்பவனை இடையன் என்றும் ஆட்டை மேய்ப்பவனைப் பாகன் என்றும் சொல்வதை எந்த விதி தடுக்கிறது? விதியன்று, மரபே தடுக்கிறது. பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. தொல்காப்பியர் இதற்கென்றே மரபியல் என ஓர் இயல் வகுத்தார். மரபை விதி கொண்டு கற்க முடியாது. அந்த மொழிக்காரர் சொல்லக் கேட்டே கற்கவேண்டும். கேட்க ஆளில்லாத எமக்கு அவர்கள் எழுதியதைப் படிப்பது ஒன்றே வழியாயிற்று.

அவ்வாறு தொடங்கியதுதான் கொப்பி. எண்பது தாள் கொப்பியொன்றை வாங்கி, படிக்கிற ஒவ்வொரு கட்டுரையிலும் உதவுமெனத் தோன்றிய சொற்றொடர்களை எழுதி வந்தோம். பெறுபேறு சொல்வதற்கு ஒரு பக்கம். பிறர் கூற்றோடு உடன்படுவதற்கு ஒரு பக்கம். பணிவாக முரண்படுவதற்கு ஒரு பக்கம். பணிவாக முரண்படும் பக்கமே விரைவில் நிரம்பியது. பிறருடைய தவறைத் தவறென்று கூறாமலே தவறென்று உணர்த்த ஆங்கிலேயரிடம் இருக்கும் வழிகள் அநேகம், இராச்சியம் ஆண்டவர்களல்லவா! பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சூடாமணி நிகண்டை மனனம் பண்ணிய பாட்டனாரின் பேரன், மண்ணெண்ணெய் விளக்கில் முன்னிடைச் சொற்களை மனனம் பண்ணினான். ஆண்டுகள் செல்லக் கொப்பி மூன்றாயிற்று.

1995 ஒக்ரோபர் இறுதியில், ஒரே இரவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, மாரி மழையில் நாமும் நடந்தோம். சைக்கிளில் அரிசியும் பிள்ளைகளின் உடுப்பும் கல்விச் சான்றிதழ்களும் ஏறின. கொப்பிகளுக்கு இடமிருக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் அவை இல்லை. உயிர்களையும் வீடுகளையும் இழந்தோர் நடுவே மூன்று கொப்பிகளை இழந்ததைப் பெரிதாகப் பேசுவது நாகரிகமன்று. ஆகவே அன்று யாரிடமும் பேசவில்லை.

கணினி வந்த பின்னர் தொழில் இலகுவாயிற்று. படித்த கட்டுரைகளையெல்லாம் ஒரு கோப்புறையில் போட்டு வைத்தோம். இப்போது அதில் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. ஐயமேற்பட்டால் ஒரு சொல்லைக் கொடுத்து எல்லாவற்றிலும் ஒருங்கே தேடலாம். 'கொன்சிஸ்ரன்ற்' என்பதை அடுத்து வருவது 'வித்' தானா, 'ரு' தானா? ஒரு நிமிடத்தில் நூறு இடங்கள் கண்முன் வரிசையாக நிற்கும். ('வித்' தான். 'ரு' ஒன்றுகூட இல்லை.) பழைய கட்டுரைகள் மாத்திரம் ஏமாற்றும். அவை போட்டோப் பிரதியிலிருந்து படமாகப் பதியப்பட்டவை. கண்ணுக்கு எழுத்து, கணினிக்கு வெறும் கறுப்புக் கோடு.

உலகம் முழுவதிலும் தேடித் தரும் பெரிய தேடுபொறிகள் இருக்கையில், படித்த அறுநூறுக்குள் ஏன் தேடவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். ஊர் பேர் தெரியாத இடத்திற் கண்ட வாக்கியம் வழியிற் கண்ட மனிதனைப் போன்றது; அவன் சொல்வதன் கருத்து விளங்கலாம், அவன் யாரென்பது விளங்காது. படித்த கட்டுரையின் வாக்கியத்தை அப்படியன்று, அதன் குடும்பத்தோடு அறிவோம். அந்த ஆசிரியர் எத்தனை கிணறுகளைப் பார்த்தார், எந்த மாதத்தில் பார்த்தார், எவ்வளவு நிச்சயத்தோடு அந்த வார்த்தையைச் சொன்னார் என்பதெல்லாம் நினைவிலிருக்கும். இருக்கவேண்டும். இருக்கத் தவறிய ஒரு நாளைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

நாம் வெட்கத்தோடு ஒளித்துச் செய்த இந்த வேலைக்கு நீண்ட வரலாறுண்டு என்பதைப் பிற்காலத்திலே அறிந்தோம். 13ஆம் நூற்றாண்டிலே பாரிசில் சென் செயரைச் சேர்ந்த ஊகோ என்ற துறவி, சக துறவிகளைத் துணைக்கொண்டு இலத்தீன் விவிலியத்துக்குச் சொல்லடைவு செய்தார். 1940களின் இறுதியில் இத்தாலியரான புசா அடிகளார், தோமஸ் அக்குவைனாசின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்ய ஐ.பீ.எம். கொம்பனியின் இயந்திரங்களை நாடினார். அது முற்றுப்பெற்றபோது 56 தொகுதிகளாயிற்று. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே ஜோன் சிங்கிளெயர் தலைமையில் உயிருள்ள எழுத்தையும் பேச்சையும் கோடிச் சொற்கணக்கில் கணினியிற் சேர்த்து, அவற்றைத் தேடிப் பார்த்தே 1987இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டார்கள். ஆங்கிலேயரே தம் மொழியின் வழக்கை அறியத் தேடிப் பார்க்கிறார்கள். இதை அறிந்த அன்று எமது முதுகு சற்று நிமிர்ந்தது.

களவு என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதில் எமக்கு ஒரு விதி உண்டு. ஒரு சொற்றொடர் ஒருவரோடொருவர் தொடர்பில்லாத ஐந்தாறு பேரிடம் காணப்பட்டால் அது ஒழுங்கை, யாரும் நடக்கலாம். ஒருவரிடம் மாத்திரம் காணப்பட்டால் அது அவருடைய வளவு, வேலி பாயக்கூடாது. உவமையும் அழகும் மிக்க வாக்கியங்கள் பெரும்பாலும் வளவுக்குள்ளேதான் நிற்கும். எமக்கு வேண்டியவை ஒழுங்கைகள். பெறுபேறுகள் இதனைக் காட்டுகின்றன, மேலும் ஆராய்தல் வேண்டும் என்பன போன்றவற்றிற்கு உறுதி முடித்து வைத்திருப்பவர் எவருமிலர். ஆயினும் இளையவர் சிலர் முழுப் பந்தியையே தூக்கிக்கொண்டு வருவதை நாம் கண்டிருக்கிறோம். அதற்கு வேறு பெயர் கிடையாது, களவேதான்.

இனி அந்த நாளைப் பற்றி.

2000களின் நடுப்பகுதியில், வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் கிணறுகளில் நைத்திரேற்றை அளந்தோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பல கிணறுகள் அதனைத் தாண்டி நின்றன. நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். ஆகவே விரைந்து எழுதவேண்டும் என்ற தவிப்பு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கமக்காரர் யூரியாவை அள்ளிப் போடுவதைக் கண்ணாற் கண்டிருந்தோம். இந்த நைத்திரேற்றுக்கும் அந்தப் பசளைக்கும் உள்ள உறவை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வழக்கம்போலத் தேடினோம். 'டியூ ரு' என்ற தொடர் கோப்புறையெங்கும் மலிந்து கிடந்தது. இத்தனை பேர் நடந்த ஒழுங்கையல்லவா? அதையே எழுதினோம். கிணற்றின் நைத்திரேற்று மிகை, பசளை மிகையின் காரணமாக ஏற்பட்டது என்பது அதன் பொருள். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போயிற்று. எந்த மதிப்புரையாளரும் குறை சொல்லவில்லை. எமது ஆங்கிலம் தேறிவிட்டதென்று மகிழ்ந்தோம்.

கட்டுரை வெளிவந்த சில மாதங்களில் பத்திரிகையொன்று அதன் சாரத்தைத் தமிழில் வெளியிட்டது. தோட்டக்காரர் கிணறுகளை நஞ்சாக்கிவிட்டனர் என்பது தலைப்பின் சாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாம் நீர் மாதிரி எடுத்த கிணறுகளுள் ஒன்றின் சொந்தக்காரர் சைக்கிளை வேலியிற் சாத்திவிட்டு வந்து நின்றார். எழுபதை அண்டிய வயது. வாலிபத்தில் துலா மிதித்த கால்கள். கையில் மடித்த பத்திரிகை.

"தம்பி, நாங்கள் தண்ணியை நஞ்சாக்கிப் போட்டம் எண்டு எழுதியிருக்கிறியள் போல."

அப்படியல்ல, பத்திரிகைக்காரர் பெருப்பித்துவிட்டனர் என்றோம்.

"சரி, பெருப்பிச்சதெண்டே வைப்பம். எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. தொண்ணூறுகளிலை யூரியா கொண்டுவரத் தடை. ஒரு குறுணியும் இல்லை. சாணியும் குழையும்தான் போட்டனாங்கள். அந்த நேரம் தண்ணி எப்பிடி இருந்தது? அளந்து பாத்தனீங்களோ?"

அளக்கவில்லை. போர்க்காலத்தில் எவரிடம் கருவி இருந்தது?

"எங்கடை ஒழுங்கையிலை இப்ப வீட்டுக்கு வீடு கக்கூசுக் குழி. கிணத்திலை இருந்து எட்டிப் போற தூரம். அதுக்குள்ளாலை ஒண்டும் வராதோ?"

வரும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக நன்றாகவே வரும். மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரைச் சேரும் என்பது எமக்குத் தெரியாததன்று. கட்டுரையின் முன்னுரையில் ஒரு வரி எழுதியுமிருந்தோம். ஆனால் முடிபை எழுதும்போது கை 'டியூ ரு' என்று எழுதிவிட்டது. கிழவர் தேநீர் குடித்துவிட்டுக் கோபமின்றியே போனார். கோபித்திருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு கோப்புறையைத் திறந்து, 'டியூ ரு' என்று எழுதியவர்களைச் சொல்லளவில் அல்லாமல் ஆளளவில் பார்த்தோம். நைத்திரேற்றின் மூலத்தைப் பற்றி அவ்வாறு அடித்துச் சொன்னவர்கள், நைதரசன் சமதானிகளை அளந்து, இது பசளையினின்று வந்தது, இது கழிவினின்று வந்தது என்று பிரித்தறிய முயன்றவர்கள். அந்த அளவை எம்மிடம் இல்லை. அதற்கான கருவியை நாம் கண்ணாலும் கண்டதில்லை. எம்மைப் போல் வெறுங் கணக்கோடு நின்றவர்களோ 'அசோசியேற்றட் வித்' என்று எழுதியிருந்தார்கள்: இதுவும் அதுவும் சேர்ந்து காணப்படுகின்றன, எது எதன் காரணம் என்று நாம் சொல்லவில்லை. இன்னுஞ் சிலர் 'மே பி அற்றிபியூட்டட் ரு' என்றார்கள்: இதன் காரணம் அதுவாயிருக்கலாம். மூன்று தொடர்களையும் நாம் கொப்பிக் காலத்திலிருந்தே அறிவோம். ஒரே பொருளுடைய மூன்று சொற்களாக, எழுத்துச் சலிக்காதிருக்க மாற்றி மாற்றிப் போடுவதற்கென, ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம்!

அவை ஒரு பொருட் சொற்களல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு சான்றைக் கேட்கும் சொற்கள். தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. 'ஆயிற்று' என்பதும் 'ஆயிற்றெனலாம்' என்பதும் 'ஆயிற்றுப் போலும்' என்பதும் ஒன்றா? தாய்மொழியில் எந்தக் கமக்காரனும் தடுமாறாத இடத்தில் நாம் அந்நிய மொழியில் தடுமாறினோம். எத்தனை பேர் நடந்தார்கள் என்று எண்ணினோமேயொழிய, எதனைச் சுமந்துகொண்டு நடந்தார்கள் என்று பார்க்கவில்லை.

அடுத்த கட்டுரையில் குழிகளின் தூரத்தையும் அளந்து சேர்த்து, முந்திய கூற்றைத் திருத்தி எழுதினோம். 'அசோசியேற்றட் வித்' என்றே எழுதினோம். முடிபு பலவீனமாயிருக்கிறது என்று மதிப்புரையாளர் ஒருவர் எழுதினார். பலவீனந்தான். இருந்த சான்று அவ்வளவே. அந்தத் திருத்தத்தை எந்தப் பத்திரிகையும் வெளியிடவில்லை என்பதையும் குறித்து வைக்கிறோம்.

இப்போது நிலைமை வேறு. நல்ல ஆங்கிலம் எழுதித் தரப் பணம் வாங்கும் நிலையங்கள் பல உள்ளன. ஒரு கட்டுரைக்கு அவை கேட்கும் தொகை எமது விரிவுரையாளர் சிலருக்கு மாதச் சம்பளத்தைத் தொடும். கட்டுரைகளைப் படிப்பதற்கே டொலரில் கட்டணம் கேட்கும் சஞ்சிகைகள் உள்ளன. எமது வரிப்பணத்தில் செய்த ஆய்வை எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் படிக்க நாமே பணங் கொடுக்கும் விசித்திர வாணிகம் இது. போதாதற்கு, கேட்டதைக் கேட்டபடி சரளமான ஆங்கிலத்தில் எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. அதனை நாம் வெறுக்கவில்லை. ஆங்கிலம் என்ற வாயிற்காவலனை ஏமாற்றி ஏழைப் பிள்ளையொன்று உள்ளே போகுமானால் போகட்டும். ஆனால் எமது பழைய வாக்கியமொன்றைப் பரீட்சையாகக் கொடுத்துப் பார்த்தோம். 'இருக்கலாம்' என்றிருந்ததை மினுக்கி 'ஆகும்' என்று திருப்பித் தந்தது. வாக்கியம் மிக அழகாயிருந்தது. அந்தக் கிழவரை அதற்குத் தெரியாது.

அண்மையில் வன்னியிலிருந்து வந்து படிக்கும் மாணவியொருத்தி தன் ஆய்வுக் கட்டுரையோடு வீட்டுக்கு வந்தாள். எம்மைப் போலவே உயர்தரம் வரை தமிழில் படித்தவள். எமக்கு அடித்த அதே அலை இன்றும் அடிக்கிறது. கோப்புறையைப் பிரதிசெய்து கொடுத்து, தேடும் விதத்தையும், ஒழுங்கை-வளவு விதியையும், 'டியூ ரு'வின் கதையையும் சொன்னோம். கவனமாகக் கேட்டாள். பிறகு, "சேர், இதுக்குள்ளை தமிழ்க் கட்டுரை ஒண்டும் இல்லையா?" என்றாள்.

ஏன் என்றோம்.

"நான் கிணறு பாத்த ஊரிலை ஆக்கள் முடிவைத் தங்களுக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டவை. எப்பிடி எழுதுறதெண்டு தேடிப் பாக்கலாம் எண்டு நினைச்சன்."

நைத்திரேற்று என்று தமிழில் தட்டித் தேடினோம். அறுநூறு கட்டுரைகளில் ஓரிடத்திலும் இல்லை. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மானிப்பாயிலிருந்து கொண்டு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலே போதித்த கிறீன் வைத்தியர், 'இரண வைத்தியம்' என்றும் 'மனுஷ அங்காதிபாதம்' என்றும் தமிழில் நூல்கள் வெளிவரச் செய்தார். அந்நியனொருவன் எமது மொழியின் வழக்கைத் தேடி அலைந்த அதே மண்ணில், நாம் நாற்பது ஆண்டுகள் அந்நிய மொழியின் வழக்கைத் தேடியிருக்கிறோம். எமது கிணறுகளைப் பற்றி எமது மொழியில் ஒரு பக்கமும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு இருவருமாகக் கிழவரின் வீட்டுக்குப் போனோம். இப்போது தொண்ணூறை எட்டுகிறார். காது சற்று மந்தம். பசளை மழை நீரிற் கரைந்து மண்ணினூடாக நிலத்தடி நீரைச் சென்றடைவதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் சொல்வார்கள். பாடநூலில் அதற்கு ஒரு கலைச்சொல்லும் உண்டு, அதனை அவரிடம் சொல்லிப் பார்த்தோம், விளங்கவில்லை என்றார். மாணவி கையை அசைத்து மெல்ல விளக்கினாள்.

"ஓ, அதுவோ பிள்ளை? மாரிக்குப் பசளை ஊறி இறங்குறது. அப்பிடித்தான் நாங்கள் சொல்லுறது."

அவள் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டாள்.